சுண்டெலிகளில் புற்றுநோய் சிகிச்சையை அல்ட்ராசவுண்டில் பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிக்கு மருந்து கொடுத்து, அதே விலங்கை வாரக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்ப்பவர்களுக்கான பக்கம் இது. இயந்திரத்தை இயக்குவது சீக்கிரமே கைவந்துவிடும். முதல் வாரப் படத்தையும் நான்காம் வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிய வேண்டுமே, அதில்தான் பாடு இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை.

தோலுக்கடியில் இருக்கும் கட்டியைக் காலிப்பரால் (இரு தாடைகளுக்கு இடையே வைத்து அளக்கும் கருவி) அளந்தாலே போதாதா?

சில ஆய்வுகளுக்குப் போதும். ஆனால் அதன் பிழை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வழக்கமான சூத்திரம்: 0.5 × நீளம் × அகலம் × அகலம். நீளம் 10 மி.மீ., அகலம் 8 மி.மீ. என்றால் 320 கன மி.மீ. வரும். அகலத்தை 9 என்று படித்துவிட்டால் 405. ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால் 27 சதவீதம் ஏறிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியின் உயரமும் அகலமும் சமம் என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. தோலுக்கடியில் வளரும் கட்டி பெரும்பாலும் தட்டையாகப் படர்கிறது. உயரம் உண்மையில் 5 மி.மீ. என்றால், மூன்று அளவையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கும்போது 208 கன மி.மீ. மட்டுமே வரும். தோலின் தடிமனும் காலிப்பர் அளவில் சேர்ந்துவிடுவதால் சின்னக் கட்டிகள் எப்போதும் பெரிதாகத் தெரியும். கணையம், கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, சூலகம் போன்ற உள்ளுறுப்புகளில் வளரும் கட்டிக்குக் காலிப்பர் உதவாது. அங்கே அல்ட்ராசவுண்ட்தான் எளிய வழி.

மனிதர்களுக்கான ஸ்கேன் இயந்திரம் இருக்கிறது. அதிலேயே எடுக்கலாமா?

மனித வயிற்றுக்குப் பயன்படும் ப்ரோப் (ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும் பகுதி) 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ.; அதில் 3 மி.மீ. கட்டி ஒரு மங்கலான புள்ளி. தைராய்டு, ரத்தக்குழாய் பார்க்கும் 15 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் இருந்தால் 5 மி.மீ.க்கு மேற்பட்ட தோலடிக் கட்டியை ஓரளவு அளந்துவிடலாம். சிறு விலங்குகளுக்கான கருவிகள் பொதுவாக 20 முதல் 55 மெகாஹெர்ட்ஸ் வரை போகின்றன. 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.04 மி.மீ.க்கும் குறைவு.

கூர்மைக்குக் கொடுக்கும் விலை ஆழம். மென்திசுவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஏறத்தாழ 0.5 டெசிபல் ஒலி குறைகிறது. 40 மெகாஹெர்ட்ஸில் 1 செ.மீ. போய்த் திரும்பினால் 40 டெசிபல் போய்விடும். அதனால் 10 மி.மீ. ஆழத்துக்குள் இருக்கும் கட்டிக்கு 40, அதற்கும் ஆழமானவற்றுக்கு 20 முதல் 30 என்று வைத்துக்கொள்ளலாம்.

ப்ரோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய கட்டியைப் பார்க்காதீர்கள்; ஆய்வு முடியும் நாளில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பாருங்கள். நுண்ணிய ப்ரோப்பின் படம் பொதுவாக 14, 15 மி.மீ. அகலத்தோடு முடிந்துவிடும். மூன்றாம் வாரம் கட்டி திரைக்கு வெளியே போய்விட்டது என்று நடுவில் ப்ரோப்பை மாற்றினால், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒரே வரைபடத்தில் போட முடியாது.

ஸ்கேனுக்கு முன் எலியை எப்படித் தயார் செய்வது?

முடிக்கு இடையில் காற்று சிக்கிக்கொள்கிறது. காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. முதலில் கிளிப்பரால் முடியை ஒட்ட வெட்டுங்கள். பிறகு முடி நீக்கும் கிரீமைப் பஞ்சுக் குச்சியால் தடவி, 1 முதல் 2 நிமிடத்தில் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஒரு முறை துடைத்தால் போதாது. புதுத் துணியால் மூன்று முறையாவது துடைக்க வேண்டும். மடிப்புகளில் தங்கும் கிரீம் தோலைப் புண்ணாக்கிவிடும். சிவந்த தோலில் ரத்த ஓட்டமும் கூடும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் படத்தில் அது கட்டியின் ஓட்டத்தோடு குழம்பும். எனவே ரத்த ஓட்டம் அளக்கும் ஆய்வில் முடி நீக்குவதை முந்தைய நாளே முடித்துவிடுவது நல்லது. முடியில்லா நியூட் எலிகளுக்கு இந்த வேலையே இல்லை, ஆனால் அவை இன்னும் சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

கண்களில் களிம்பு போடுங்கள். மயக்கத்தில் எலி கண் சிமிட்டாது, கருவிழி உலர்ந்துவிடும்.

மயக்க மருந்தின் அளவு படத்தைப் பாதிக்குமா?

கன அளவை அதிகம் பாதிக்காது. ரத்த ஓட்டத்தை நன்றாகவே பாதிக்கும்.

ஐசோஃப்ளூரேனை 3 முதல் 4 சதவீதத்தில் தொடங்கி, எலி அடங்கியதும் 1.5 முதல் 2 சதவீதத்துக்குக் குறைப்பது வழக்கம். கால்விரலைக் கிள்ளினால் காலை இழுக்கக் கூடாது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 400க்குக் கீழே இறங்கவும் கூடாது. இறங்கினால் மயக்கம் ஆழமாகிவிட்டது, அல்லது உடல் குளிர்ந்துவிட்டது என்று பொருள். ஆசனவாய் வெப்பமானியில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள். சூடான மேடை மட்டும் போதாது, ஜெல்லையும் 37 டிகிரிக்குச் சூடாக்கியே ஊற்ற வேண்டும். 25 கிராம் எடையுள்ள விலங்கின் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைக் குவித்தால் சில நிமிடங்களில் உடல் வெப்பம் இறங்கிவிடும்.

ஐசோஃப்ளூரேன் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. கட்டிக்குள் போகும் ரத்தமும் அதோடு குறையும். இதைத் தடுக்க முடியாது, எல்லா விலங்குக்கும் சமமாக்க மட்டுமே முடியும். மயக்கம் தொடங்கிய 10ஆம் நிமிடத்தில் டாப்ளர் என்று முடிவு செய்தால் எல்லா எலிக்கும், எல்லா வாரமும் 10ஆம் நிமிடம்தான். மருந்து கொடுத்த குழுவைக் காலையிலும் கட்டுப்பாட்டுக் குழுவை மாலையிலும் எடுக்காதீர்கள். மாற்றி மாற்றி எடுங்கள்.

படத்தில் கறுப்புக் கோடுகள் செங்குத்தாக இறங்குகின்றன. ஏன்?

பத்தில் எட்டு முறை ஜெல்லில் உள்ள காற்றுக்குமிழிதான் காரணம். புட்டியைக் குலுக்கி அமுக்கும்போது காற்று கலக்கிறது. ஜெல்லை ஊசியில்லாத சிரிஞ்சிலோ குழாயிலோ நிரப்பி மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் குமிழிகள் மேலே வந்துவிடும். அதைச் சூட்டிலேயே வைத்திருந்து பயன்படுத்துங்கள். ஜெல்லை மாற்றியும் கோடு அதே இடத்தில் இருந்தால் கட்டியின் மேல் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புண்ணாகிப் பொருக்குக் கட்டிய கட்டியின் அடிப்பகுதி தெரியவே தெரியாது. பக்கவாட்டிலிருந்து சாய்த்து எடுத்துப் பார்க்கலாம். அதற்கும் வராவிட்டால் அந்த நாளின் அளவை விட்டுவிடுவதுதான் நேர்மை. விலா எலும்பின் நிழல் என்றால் சம இடைவெளியில் வரிசையாக வரும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

3டியில் கன அளவு எடுக்கும் முறை என்ன?

ப்ரோப்பைக் கையில் பிடிக்காமல் மோட்டார் தாங்கியில் பூட்டுங்கள். கட்டிக்கும் ப்ரோப்புக்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. ஜெல் இருக்கட்டும். ப்ரோப் தோலைத் தொட்டு அழுத்தினால் கட்டி நசுங்கும், ரத்தக்குழாய்களும் மூடிக்கொள்ளும். கட்டியின் மையம் ப்ரோப்பின் குவிமையத்தில் விழும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். கட்டியின் இரு முனைகளும் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக மோட்டாரை ஓட்ட வேண்டும். 0.1 மி.மீ. நகர்வு போதுமானது, 10 மி.மீ. கட்டிக்கு 100 படங்கள் கிடைக்கும்.

வயிற்றுக்குள் இருக்கும் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் நகரும். மூச்சு நின்றிருக்கும் இடைவெளியில் மட்டும் படம் எடுக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். நான்கு பாதங்களையும் மின்முனைகளில் கடத்தும் களிம்போடு ஒட்டினால்தான் மூச்சின் வரைகோடு தெளிவாக வரும். களிம்பு உலர்ந்துபோனால் கோடு குழம்பி, மூச்சு எடுக்கும்போதும் படம் பதிவாகிவிடும். அப்படிப் பதிவான 3டியை நீளவாட்டில் வெட்டிப் பார்த்தால் கட்டியின் ஓரம் ரம்பப் பல்லைப் போல் தெரியும். மறுபடி எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஐந்தாவது படத்திலும் கட்டியின் ஓரத்தை வரையுங்கள். இடையில் உள்ளவற்றை மென்பொருள் நிரப்பும். வரைபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. கட்டியின் ஓரம் எப்போதும் கத்தி வெட்டினாற்போல் இருக்காது. மங்கலான இடத்தில் கை நாம் எதிர்பார்க்கும் பக்கமாகவே போகும்.

கணையக் கட்டியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஏதாவது வழி?

மண்ணீரலில் தொடங்குங்கள். எலியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடப்பக்கம் சற்று மேலே வரும்படி மேடையைச் சாய்த்தால் மண்ணீரல் நீண்ட, சீரான நாக்குபோல் தெரியும். அதன் அருகிலேயே இடது சிறுநீரகம். இரண்டுக்கும் நடுவே, இரைப்பையை ஒட்டி, கணையத்தின் வால் பகுதி இருக்கிறது. இயல்பான கணையம் வெளிறித் தெரியும்; கட்டி அதைவிடக் கறுத்து, உருண்டு இருக்கும்; குடல் அசையும், கட்டி அசையாது. அசைகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பலர் குடல் மடிப்பைக் கட்டி என்று குறித்துக்கொள்வது இந்த ஒரு நிமிடம் பொறுக்காததால்தான்.

குடல் வாயு மறைத்தால் பஞ்சுக் குச்சியால் வயிற்றை மெதுவாக ஒதுக்கலாம். வெதுவெதுப்பான, கிருமியற்ற உப்புக்கரைசலை 1 மி.லி. அளவில் வயிற்றறைக்குள் செலுத்தினால் உறுப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகி ஓரங்கள் தெளியும். இதற்கு விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி முன்பே இருக்க வேண்டும்.

2005இல் விவரிக்கப்பட்ட, மரபணு மாற்றிய கே.பி.சி. எலிகளில் கணையக் கட்டி தானாகவே தோன்றுகிறது. எப்போது தோன்றும் என்று சொல்ல முடியாது. அங்கே ஸ்கேன் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கும் நாளைக்கூடத் தீர்மானிக்க முடியாது. வாரம் ஒருமுறை பார்த்து, முன்கூட்டியே வகுத்த விட்டத்தை எட்டியதும் அந்த விலங்கை ஆய்வில் சேர்ப்பது வழக்கம்.

டாப்ளரில் கட்டிக்குள் ஓட்டமே தெரியவில்லை. ரத்தக்குழாய் இல்லை என்று எழுதலாமா?

கூடாது. பவர் டாப்ளருக்குச் சற்றுப் பெரிய குழாய்கள்தான் தெரியும். தந்துகிகளின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். அங்கே ரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊர்கிறது. அந்த வேகமும் மூச்சால் திசு அசையும் வேகமும் ஒன்றுபோல் இருப்பதால், அசைவை நீக்கும் வடிகட்டி ஓட்டத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. வடிகட்டியையும் ஒலித்துடிப்புகளை அனுப்பும் விகிதத்தையும் குறைத்து, மூச்சு இடைவெளியில் மட்டும் எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வெறுமையாக இருந்தால் எழுத வேண்டியது, ‘டாப்ளரில் தெரியும் அளவுக்கு ஓட்டம் இல்லை’ என்பதே. தந்துகி ஓட்டம்தான் கேள்வி என்றால் நுண்குமிழி வேண்டும்.

நுண்குமிழி ஊசியில் அடிக்கடி தவறு நேர்கிறது. எங்கே கவனிக்க வேண்டும்?

நுண்குமிழி என்பது கொழுப்பு உறைக்குள் அடைத்த கனமான வாயு. விட்டம் ஏறத்தாழ 1 முதல் 8 மைக்ரோமீட்டர். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது, அதனால் அது தரும் ஒளிர்வு ரத்தத்தின் அளவையே காட்டும். ஆனால் மிக எளிதில் உடையும்.

புட்டியிலிருந்து எடுக்க 18 அல்லது 21 கேஜ் ஊசி, கூடவே காற்று போக இன்னொரு ஊசி. மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிரிஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து குமிழிகள் உடைந்துவிடும். பால்போல் இருந்த திரவம் தெளிந்துவிட்டது என்றால் அதைக் கொட்டிவிடுங்கள். குமிழிகள் மேலே மிதக்கும். ஒவ்வொரு எலிக்கும் முன்னால் புட்டியை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்காவிட்டால் முதல் எலிக்கும் கடைசி எலிக்கும் போன அளவு வேறாக இருக்கும். வால் சிரையில் 27 கேஜ் பட்டாம்பூச்சி ஊசி. ஒரே முறையில் செலுத்தும் அளவு கிலோவுக்கு 5 மி.லி.யைத் தாண்டக் கூடாது. 20 கிராம் எலிக்கு அது 0.1 மி.லி. குழாயில் தங்குவதைத் தள்ள ஒரு துளி உப்புக்கரைசல் தேவை, அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

இரண்டு வழிகளில் அளக்கலாம். ஒன்று, ஊசி போட்டதும் ஒளிர்வு ஏறி இறங்குவதைப் பதிவு செய்வது. மற்றொன்று, குமிழி அளவு ஓரளவு நிலையாக இருக்கும்போது வலுவான ஒலித்துடிப்பால் படத்தளத்தில் உள்ளவற்றை உடைத்துவிட்டு, புதியவை நிரம்புவதை 20, 30 நொடி பதிவு செய்வது. ஏறி நிற்கும் உச்சம் ரத்தக் கொள்ளளவையும், ஏறும் விரைவு ஓட்டத்தின் வேகத்தையும் காட்டும். திரையில் தெரியும் வெளிச்சம் மடக்கையில் சுருக்கப்பட்டது. அதைச் சராசரி எடுத்தால் கணக்குத் தவறும். சுருக்கும் முன் உள்ள நேரியல் தரவில்தான் கணக்கிட வேண்டும்.

மயக்க மருந்தை எந்த வாயுவில் கலந்து கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தூய ஆக்சிஜன் சுவாசிக்கும் எலியின் ரத்தத்தில் குமிழிகள் சீக்கிரம் கரைகின்றன. மருத்துவக் காற்றில் அதிக நேரம் நிற்கின்றன. ஆய்வின் நடுவில் சிலிண்டரை மாற்றினால் மருந்தின் விளைவுபோலவே ஒரு மாற்றம் தோன்றும்.

சிகிச்சை தொடங்கி ஒரு வாரமாகியும் கட்டி சிறுக்கவில்லை. மருந்து பலிக்கவில்லையா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ரத்தக்குழாயைச் சிதைக்கும் மருந்துகள் சில மணி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடும், ஆனால் கட்டியின் விளிம்பில் உயிருள்ள ஓர் அடுக்கு தப்பிப் பிழைக்கும். அடுத்தடுத்த நாட்களில் ஓட்டம் திரும்பலாம். அதனால் 24ஆம் மணியில் ஒரு ஸ்கேன் இல்லாவிட்டால் நடந்தது எதுவும் தெரியாமல் போகும். புதிய ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளில் கன அளவுக்கு முன்பே ஓட்டம் குறையும். கீமோதெரபியில் செல்கள் இறந்தாலும் கழிவை உடல் அகற்றச் சில நாளாகும். நோயெதிர்ப்பு சிகிச்சையில் எதிர்ப்பு செல்கள் உள்ளே புகுந்து கட்டி வீங்கவும் செய்யலாம். முதல் அளவு பெரிதாகிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.

செல்கள் இறக்கும்போது உட்கரு சுருங்கி உடைவதால் திசு திருப்பி அனுப்பும் ஒலியே மாறுகிறது. இதை டொரண்டோவில் கிரிகோரி சார்னோட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டில் காட்டினார்கள். பின்னாளில் அந்தக் கணக்கைச் செய்ய விரும்பினால் படத்தை மட்டும் சேமித்துப் பயனில்லை, மூல அலைத் தரவையும் இப்போதே சேமியுங்கள்.

கட்டியின் நடுவில் கறுப்பாக ஒரு பகுதி தெரிகிறது. கழிக்கலாமா?

அழுகிய திசுவாகவோ, திரவமாகவோ, ரத்தக்கசிவாகவோ இருக்கலாம். திரவம் என்றால் அதற்குக் கீழே உள்ள பகுதி வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். மொத்தக் கன அளவு ஒன்று, அந்தப் பகுதி நீங்கலாக இன்னொன்று என்று இரண்டையும் பதியுங்கள். ஒரு வாரம் அதைக் கழித்தும் மறு வாரம் சேர்த்தும் எழுதினால் தரவு வீண்.

எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம்?

ஆய்வைத் தொடங்கும் முன் சில எலிகளை மேடையிலிருந்து எடுத்து, மறுபடி வைத்து, இரண்டாம் முறை எடுத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து உங்கள் அளவீட்டுப் பிழை எத்தனை சதவீதம் என்று தெரியும். அதை 2.77ஆல் பெருக்குங்கள். பிழை 8 சதவீதம் என்றால் ஒரு தனி விலங்கில் 22 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தை நம்ப முடியாது. இந்த எண் இல்லாமல் ‘15 சதவீதம் சுருங்கியது’ என்று எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு), ஆழம், குவிமையம் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே பெயரில் சேமித்து, கடைசி நாள்வரை அதையே அழைத்துப் பயன்படுத்துங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?

கன அளவுக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு போதும். ஒவ்வொரு மயக்கமும் விலங்குக்குச் சுமை. ஸ்கேனுக்கு மறுநாள் எடை குறைகிறதா என்று பார்த்துவாருங்கள். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்து உலர்த்தி, சூடான கூண்டில் நடமாடத் தொடங்கும்வரை கூடவே இருங்கள்.

நிறுத்தும் எல்லை உங்கள் நெறிக்குழு ஒப்புதலில் இருக்கும். பல இடங்களில் 20 மி.மீ. விட்டம் அல்லது 20 சதவீத எடை இழப்பு. இது புள்ளியியலையும் தொடும். கட்டுப்பாட்டுக் குழுவில் பெரிய கட்டியுள்ள எலிகள் முதலில் விலக்கப்படுவதால், எஞ்சியவற்றின் சராசரி திடீரென்று இறங்கி, மருந்தில்லாமலே கட்டி சுருங்கியதுபோல் தெரியும். முதல் விலங்கு விலகிய நாளோடு சராசரிக் கோட்டை நிறுத்துங்கள், அல்லது ஒவ்வொரு விலங்கின் கோட்டையும் தனித்தனியாக வரையுங்கள்.

விலங்கு ஆய்வுக்கு 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த நெறிகளில் ஒன்று, விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஐந்து நாட்களில் எட்டு எட்டாகக் கொன்று அளந்தால் ஒரு குழுவுக்கு 40 எலிகள் தேவை. ஸ்கேனில் அதே எட்டு போதும். அந்த எட்டையும் கவனமாக நடத்துவது நம் கடமை.

ஒளிர்வுப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஸ்கேனும் வேண்டுமா?

கட்டிச் செல்களை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த கட்டியில் செல்கள் உயிரோடு இருந்தும் ஒளி மங்கலாம். சிதறிய சிறு கட்டிகளைத் தேட ஒளிர்வு, அளவெடுக்க ஸ்கேன் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கட்டிகளுக்கு இது உதவாது?

நுரையீரலுக்குள் இருப்பவை காற்றால் மறைந்துவிடும். எலும்புக்குள்ளும் மண்டையோட்டுக்குள்ளும் ஒலி புகுவது கடினம். நுரையீரலுக்கும் எலும்புக்கும் மைக்ரோ சி.டி., மூளைக்கு எம்.ஆர்.ஐ.

கடைசி நாளில் என்ன செய்ய வேண்டும்?

இறுதி ஸ்கேனை எடுத்த அன்றே கட்டியை வெட்டியெடுத்து எடை போடுங்கள். ஒரு கன மி.மீ. திசு ஏறத்தாழ ஒரு மி.கிராம், ஸ்கேன் 400 கன மி.மீ. என்று சொல்லி, தராசு 250 மி.கிராம் காட்டினால் ஓரம் வரைந்ததில் கோளாறு இருக்கிறது. எலி மேடையில் இருக்கும்போதே ப்ரோப் இருந்த திசையைத் தோலில் மையால் குறித்து, வெட்டியதும் கட்டியின் மேல்பக்கத்துக்கு ஒரு நிறம், தலைப்பக்கத்துக்கு வேறு நிறம் தடவுங்கள். நுண்ணோக்கிக்கான சீவல் ஸ்கேன் தளத்தின் திசையிலேயே விழ வேண்டும். ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி31 சாயத்தில் தெரிபவற்றையும் நுண்குமிழிப் படத்தையும் அப்போதுதான் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். மை இல்லாமல் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கட்டி சுருங்கி உருமாறும். எது மேல்பக்கம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.